நாற்பது நாள் காத்திருந்த குழம்பு

தீபாவளியைக் காதால் தெரிந்துகொள்ளலாம். பொங்கலைக் கண்ணால் தெரிந்துகொள்ளலாம். ஈஸ்டரைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரு தெருவின் எல்லா வீட்டுச் சமையற்கட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் கறிக்குழம்பு மணம் கிளம்பினால், அங்கே நாற்பது நாள் காத்திருந்த மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நம் தருமபுரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறுபான்மை. ஆனாலும் பழைய வேர் உள்ளவர்கள். கோவிலூர், பொம்மிடி பக்கத்தில் உள்ள பி.பள்ளிப்பட்டி போன்ற ஊர்களில் ஆலயமும் ஊரும் சேர்ந்தே வளர்ந்தவை. 1930-ல் உருவான சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997-ல் தருமபுரி மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களும் அதற்குள் வரும். கிறிஸ்துமஸ் என்றால் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நட்சத்திரமும் கேக்கும் காட்டிக்கொடுத்துவிடும். ஈஸ்டர் அப்படி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே பல சமயம் அது எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரிவதில்லை. அதனால் இந்த வாரம் ஈஸ்டரின் வழக்கங்கள், விளையாட்டுகள், சாப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

தேதி ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர் 25. ஈஸ்டர் மட்டும் ஒரு வருடம் மார்ச்சில் வரும், மறு வருடம் ஏப்ரலில் வரும். காரணம், இது நிலாவைப் பார்த்து வைக்கும் பண்டிகை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அடுத்து வரும் ஞாயிறுதான் ஈஸ்டர். கி.பி. 325-ல் நைசியா நகரில் கூடிய திருச்சபைப் பெருமன்றம், எல்லா ஊரிலும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தது. இந்தக் கணக்குப்படி மார்ச் 22-க்கு முன்னாலும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னாலும் போகாது.

நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித்தானே வருகிறது! 2024-ல் மார்ச் 25 பங்குனி உத்திரம். அதே வாரக் கடைசியில் மார்ச் 31 ஈஸ்டர். பல வருடங்களில் இப்படித்தான், முருகன் கோயிலில் காவடி இறங்கிய சில நாட்களில் மாதா கோயிலில் குருத்தோலையோ மெழுகுவர்த்தியோ கையில் ஏறும். ஒரே நிலா, இரண்டு திருவிழா.

நாற்பது நாள் என்றால் நாற்பத்தாறு

ஈஸ்டரின் கதை ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதில்லை. சாம்பல் புதனில் தொடங்குகிறது. அன்று குருவானவர் நெற்றியில் சாம்பலால் சிலுவை இடுவார். அந்தச் சாம்பல் கடையில் வாங்கியது அல்ல. போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று வாங்கி, வீட்டுச் சுவரில் வருடம் முழுக்கச் செருகிவைத்த ஓலையைத் திரும்ப ஆலயத்தில் கொடுத்து, அதை எரித்து எடுத்தது. பச்சையாக வந்த ஓலை, காய்ந்து, சாம்பலாகி, நெற்றிக்கு வருகிறது. மனித வாழ்க்கை இவ்வளவுதான் என்று சொல்ல இதைவிட நல்ல பாடம் ஏது?

சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணிப் பாருங்கள், 46 நாள் வரும். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளும் உயிர்ப்பின் நாள் என்பதால் நோன்புக் கணக்கில் சேராது. மீதி 40. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான் கட்டாய நோன்பு நாட்கள். 18 வயது முடிந்ததிலிருந்து 60-வது வயது தொடங்கும்வரை அது பொருந்தும். இறைச்சி தவிர்ப்பது 14 வயது முதல். ஆனால் நம் ஊர் அம்மாக்கள் சட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. பல வீடுகளில் நாற்பது நாளும் கறி கிடையாது. மீனுக்குத் தடை இல்லை என்று சொன்னாலும், மீனும் கருவாடும் முட்டையும் சேர்த்தே மூட்டை கட்டிவிடுவார்கள்.

"ஆயா, முட்டை மட்டும் ஏன் கூடாது? அது கறி இல்லையே?"

"அது விட்டா கோழியாப் போறதுதானே கண்ணு. பேசாம சாம்பார் ஊத்திக்கோ."

இந்த வாதத்துக்கு எதிர்வாதம் எந்தப் பேரனிடமும் இல்லை!

வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை. பதினான்கு நிலைகள், ஒவ்வொரு நிலையிலும் முழங்கால் போட வேண்டும். பிள்ளைகளுக்கு இதுவே ஓர் உடற்பயிற்சி. கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல் எதையும் தவக்காலத்தில் பல குடும்பங்கள் வைப்பதில்லை. பூ வைக்காத பாட்டிகளும், டீயை விட்ட தாத்தாக்களும், சிகரெட்டை விட்டு ஈஸ்டர் அன்று மறுபடி பிடித்த சித்தப்பாக்களும் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

விடுவது பாதி வேலை. விட்டதில் மிச்சமான காசு எங்கே போகிறது என்பது மீதிப் பாதி. கறி வாங்காத காசு, டீ குடிக்காத காசு எல்லாம் ஓர் உண்டியலில் சேர வேண்டும். அது இல்லாதவர்களுக்குப் போக வேண்டும். இதுதான் பழைய ஏற்பாடு. இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. தகடூரை ஆண்ட அதியமான், அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்று இன்றைக்கும் பேசுகிறோம். தன் வாய்க்குப் போக வேண்டியதை இன்னொருவர் கைக்குக் கொடுப்பதைத்தான் தவக்காலமும் கேட்கிறது.

ஓலையில் ஒரு பொம்மைக் கடை

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் வந்தபோது மக்கள் ஓலையும் மரக்கிளையும் பிடித்து வரவேற்றதன் நினைவு. ஐரோப்பாவில் பேரீச்ச ஓலை கிடைக்காத குளிர் நாடுகளில் வேறு மரக்கிளைகளைப் பிடிப்பார்கள். நமக்கு அந்தக் கவலையே இல்லை, தென்னங்குருத்து இருக்கிறது.

பெரியவர்கள் ஓலையில் சிலுவை மடிப்பார்கள். பிள்ளைகளுக்கோ அன்று ஆலய வாசலே பொம்மைக் கடை. கைக்கடிகாரம், மோதிரம், கண்ணாடி, பாம்பு, கிளி, பந்து, பீப்பி என்று ஒரே ஓலையிலிருந்து எத்தனை சாமான்! இரண்டு துண்டு ஓலையை ஒன்றுக்குள் ஒன்று மடித்துச் செருகி, நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி ஓடினால் காற்றாடி சுற்றும். அதிகம் செலவானது கொஞ்சம் எச்சில்தான், பீப்பி ஊதுவதற்கு.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஓலை மடிக்கத் தெரிந்த விரல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தாத்தாவுக்குத் தெரியும், அப்பாவுக்குச் சிலுவை மட்டும் வரும், மகனுக்கு அதையும் வீடியோ பார்த்துத்தான் செய்ய வேண்டும். பாடப்புத்தகத்தில் இல்லாத வித்தை இது. கைவழியாகத்தான் கைக்குப் போகும். வரும் குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும் வண்டியை எடுக்க ஓடாமல், தெரிந்த ஒரு பெரியவரிடம் பிள்ளையைக் கால் மணி நேரம் உட்கார வையுங்கள். ஒரு கிளி போதும்.

வியாழன், வெள்ளி, சனி

பெரிய வியாழன் மாலை, இயேசு தம் சீடர்களோடு கடைசியாக உணவருந்திய இரவின் நினைவு. அன்றுதான் குருவானவர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவித் துடைப்பார். நெடுங்காலம் ஆண்களின் காலைத்தான் கழுவினார்கள். 2016 ஜனவரியில் போப் பிரான்சிஸ் அந்த விதியை மாற்றினார். இப்போது பெண்கள், இளைஞர்கள், முதியவர்கள், நோயாளிகள் என யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்.

கால் கழுவுவது நம் ஊரில் சின்ன விஷயம் அல்ல. யார் காலை யார் தொடலாம், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்று நூற்றாண்டுகளாகக் கணக்கு வைத்த சமூகம் இது. அந்தக் கணக்கு ஆலயத்தின் வாசலோடு நின்றுவிடவும் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதி பார்த்து மக்களைப் பிரித்த சுவர், 1910-ல்தான் இடிக்கப்பட்டது. அதனால் ஒருவர் குனிந்து இன்னொருவர் காலைக் கழுவும் அந்தச் சில நிமிடங்களை வெறும் சடங்கு என்று கடந்துபோக முடியாது. இங்கே அதற்கு அர்த்தம் கூடுதல்.

கேரளத்தில் தோமா கிறிஸ்தவர்களின் வீடுகளில் அன்று இரவு பெசகா அப்பம். அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்கவிடாமல் வேகவைத்து, மேலே குருத்தோலைச் சிலுவை வைப்பார்கள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பாலில் தொட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெரியவர் அப்பத்தை வெட்டி, வயது வரிசைப்படி கொடுப்பார். தமிழ்நாட்டில் பாஸ்கா என்றும் யாழ்ப்பாணத்தில் பாஸ்கு என்றும் நாம் சொல்வதும் இந்தப் பெசகாவும் ஒரே குடும்பத்துச் சொற்கள்தான். எல்லாவற்றுக்கும் மூலம், யூதர்களின் பெசாக் என்ற விடுதலைத் திருநாள்.

வியாழன் பூசையில் ஒலித்த ஆலய மணி, அதன்பின் சனி இரவு வரை ஊமை. அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டி ஓசை எழுப்புவார்கள். மணியோசைக்குப் பழகிய காதுக்கு அந்த 'டக் டக்' ஒரு மாதிரியாக இருக்கும். துக்க வீடு என்று தானாகப் புரியும். பிரான்ஸ் நாட்டில் பிள்ளைகளிடம், மணிகள் எல்லாம் ரோமாபுரிக்குப் பறந்து போயிருக்கின்றன, வரும்போது மிட்டாய் கொண்டுவரும் என்று சொல்வார்கள்.

பெரிய வெள்ளி அன்று கஞ்சி. ஆலயத்திலேயே பெரிய அண்டாவில் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றும் பங்குகள் பல. புழுங்கலரிசி நொய்யும் பாசிப்பயறும் சேர்த்துக் குழைய வேகவைத்து உப்பு மட்டும் போட்ட கஞ்சி. தொட்டுக்கொள்ள ஒரு துவையல். கேரளத்தில் சில இடங்களில் பாகற்காய்ச் சாறும் ஒரு வாய் கொடுப்பார்கள், சிலுவையில் இயேசுவுக்குக் கொடுத்த கசப்பின் நினைவாக. சென்னை, ஊட்டி போன்ற ஊர்களின் பேக்கரிகளில் அன்று சிலுவை போட்ட பன் கிடைக்கும். அது ஆங்கிலேயர் விட்டுப்போன வழக்கம்.

தமிழ்நாட்டின் சில பங்குகளில் இந்த நாட்களை ஒட்டிப் பாஸ்கா நாடகம் நடக்கும். ஊர்க்காரர்களே வேஷம் கட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் 1965-ல் மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகத்தைப் பல ஆயிரம் பேர் பார்க்கும் பெரிய மேடைக் கலையாகவே வளர்த்தெடுத்தது.

சனி இரவு ஆலயத்தில் விளக்கெல்லாம் அணைந்திருக்கும். வெளியே புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்கா மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். அதில் அந்த வருடத்தின் நான்கு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு திரியிலிருந்து நூறு திரிக்கு நெருப்பு பரவும். பிறகு, இரண்டு நாள் ஊமையாக இருந்த மணிகள் எல்லாம் ஒன்றாக முழங்கும். பல ஊர்களில் பீடத்தின் பக்கத்தில் அட்டையாலும் துணியாலும் செய்த கல்லறை 'படார்' என்று திறந்து, வெடிச்சத்தத்துக்கும் கலர் பல்புக்கும் நடுவே உயிர்த்த இயேசுவின் சுரூபம் மேலெழும். தூங்கி வழிந்த குழந்தைகள் அத்தனையும் எழுந்து உட்காரும் நேரம் அதுதான்!

முட்டை எப்படி உள்ளே வந்தது?

பழைய ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்க முட்டைக்கும் தடை. ஆனால் கோழிக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தது. நாற்பது நாள் முடியும்போது வீடு நிறைய முட்டை. அவித்து, சாயம் போட்டு, ஊரெல்லாம் கொடுத்துத் தீர்த்தார்கள். ஓட்டை உடைத்து உயிர் வெளியே வருவது, கல்லறை திறந்து இயேசு எழுந்ததற்கு நல்ல உவமையாகவும் அமைந்துபோனது.

கிரேக்கர்கள் இயேசுவின் இரத்தத்தை நினைத்து முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடுவார்கள். உக்ரைன் பெண்கள் மெழுகால் கோலம் வரைந்து சாயத்தில் முக்கி எடுக்கும் பிசாங்கா முட்டைகள், 2024-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன. நம்மூர் அரிசிமாக் கோலத்தின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். முட்டை கொண்டுவரும் முயல் ஜெர்மானியர் கதை. 1682-லேயே அதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். சாக்லேட் முட்டை ரொம்பப் பிந்தியது. இங்கிலாந்தில் ஃப்ரை நிறுவனம் 1873-லும், கேட்பரி 1875-லும் செய்து விற்றார்கள்.

முட்டைக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. பக்கத்திலேயே நாமக்கல் இருக்கிறது. இந்தியாவின் முட்டைக் கூடை அது. சாயத்துக்கு சமையற்கட்டே போதும்.

• செங்கல் சிவப்பு: சின்ன வெங்காயச் சருகு இரண்டு கைப்பிடி, தண்ணீர் இரண்டு டம்ளர். இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள்.

• மஞ்சள்: இரண்டு டம்ளர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்கவிடுங்கள்.

• இளஞ்சிவப்பு: ஒரு பீட்ரூட்டைத் துருவிக் கொதிக்கவையுங்கள்.

• நீலம்: ஊதா முட்டைக்கோஸை நறுக்கிக் கொதிக்கவையுங்கள். ஊதாத் தண்ணீரில் போட்ட முட்டை நீலமாக வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

எதுவானாலும் வடிகட்டியபின் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் சேருங்கள். சாயம் ஓட்டில் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவித்த வெள்ளை முட்டையை அதில் அரை மணி நேரம் போட்டுவையுங்கள். ஒரு கொத்தமல்லி இலையை முட்டைமேல் ஒட்டி, மெல்லிய பருத்தித் துணியால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் போட்டால், இலையின் வடிவம் வெள்ளையாகப் பதிந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. நம்மூர் வெயில் குளிர்நாட்டு வெயில் அல்ல. அவித்த முட்டையை வெளியில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்தால் சாப்பிடக் கூடாது. தோட்டத்தில் ஒளித்துவைத்து விளையாடும் முட்டை விளையாட்டுக்கு மட்டும். சாப்பிடும் முட்டை ஃப்ரிட்ஜில்.

விளையாட வாங்க

முட்டை மோதல்: இது கிரேக்கர் விளையாட்டு. ஆளுக்கு ஓர் அவித்த முட்டை. ஒருவர் கூர்முனை மேலே தெரியும்படி பிடிக்க, மற்றவர் தன் முட்டையின் கூர்முனையால் ஒரு தட்டு தட்ட வேண்டும். விரிசல் விட்டால் மறுமுனையைத் திருப்பலாம். இரண்டும் உடைந்தால் ஆட்டம் போச்சு. கடைசிவரை உடையாத முட்டைக்காரருக்கு வருடம் முழுக்க அதிர்ஷ்டம் என்பார்கள். தோற்றவருக்கும் நஷ்டமில்லை, உடைந்ததை உரித்துச் சாப்பிடலாம்.

முட்டை உருட்டல்: ஒரு சரிவில் முட்டையை உருட்டிவிட வேண்டும். எது உடையாமல் தூரம் போகிறதோ அது ஜெயம். அமெரிக்க வெள்ளை மாளிகைப் புல்வெளியில் 1878 முதல் இந்த விளையாட்டுக்குப் பிள்ளைகளை விடுகிறார்கள். நம் மாவட்டத்தில் சரிவான பாறைக்கா பஞ்சம்?

முட்டை தேடல்: வீட்டைச் சுற்றிப் பத்து முட்டை ஒளித்துவைத்து, பிள்ளைகளைக் கூடையோடு அவிழ்த்துவிடுங்கள். சின்னவர்களுக்குக் கண்ணில் படும் இடம், பெரியவர்களுக்குக் குனிய வேண்டிய இடம். ஆஸ்திரேலியாவில் முயலுக்குப் பதிலாகத் தங்கள் ஊர் பில்பி என்ற சின்னப் பிராணியை முட்டைக்காரனாக்கிவிட்டார்கள். நாமும் அணிலைச் சொல்லலாமே? புளிய மரத்தில் ஏறி இறங்குவதற்கு அதற்கு ஏற்கெனவே நல்ல பழக்கம்!

கரண்டி ஓட்டம்: எலுமிச்சம்பழத்துக்குப் பதில் முட்டை. மாமியாரும் மருமகளும் ஒரே அணி என்று விதி வைத்துப் பாருங்கள், தெருவே கூடிவிடும்.

போலந்து நாட்டில் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். நம் கோயில் திருவிழா முடிந்து மஞ்சத்தண்ணி ஊற்றுவதுபோலவே! நல்ல விளையாட்டு எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போல.

களியும் கோழியும்

ஈஸ்டருக்கு நகரத்தில் பிரியாணி, பல வீடுகளில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். ஆனால் ராகி விளையும் நம் பூமிக்கு ஏற்ற விருந்து, களியும் நாட்டுக்கோழிக் குழம்பும்தான்.

குழம்புக்கு: நாட்டுக்கோழி ஒரு கிலோ, சின்ன வெங்காயம் 200 கிராம், தக்காளி இரண்டு, பூண்டு ஒன்று, இஞ்சி ஒரு துண்டு. மல்லி மூன்று டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் எட்டு, மிளகும் சீரகமும் ஒவ்வொரு டீஸ்பூன், பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று ஆகியவற்றைக் கடலெண்ணெய் விட்டு வறுத்து, பாதி வெங்காயத்தையும் வதக்கி, அரை மூடித் தேங்காய் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். மீதி வெங்காயம், தட்டிய இஞ்சி பூண்டு, தக்காளி ஆகியவற்றை வதக்கி, கோழியும் மஞ்சளும் உப்பும் போட்டு நிறம் மாறும்வரை பிரட்டுங்கள். அரைத்த மசாலாவும் தண்ணீரும் ஊற்றி, கோழியின் வயசுக்குத் தக்கபடி ஐந்தாறு விசில் விடுங்கள்.

களிக்கு: ஒரு டம்ளர் ராகி மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். உப்புப் போட்டுக் கொதிக்கும்போது ஒரு கைப்பிடி சோறு சேருங்கள். மாவைக் குவியலாக நடுவில் கொட்டி, கிளறாமல், மூடிபோட்டு, சிறுதீயில் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கட்டையால் கட்டி இல்லாமல் கிண்டுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். உருட்டி வைத்து, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றுங்கள்.

இந்தச் சாப்பாட்டுக்கு ருசி கூட்டும் ஒரு பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. நாற்பது நாள் காத்திருப்பு அது. வாரம் மூன்று நாள் கோழி தின்றவருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோழி இன்னொரு கோழி. காத்திருந்தவருக்கு அது விருந்து.

இனி யார் கையில்?

தருமபுரியிலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் ஏராளம். பெரிய வெள்ளி லீவு கிடைத்தால் வருவார்கள். கிடைக்காவிட்டால் சனிக்கிழமை இரவு பஸ். ஞாயிறு சாப்பிட்டுவிட்டு மாலையே திரும்ப வேண்டும். அவர்களுக்கு நாற்பத்தாறு நாள் பண்டிகை, ஒரு வேளைச் சாப்பாடாகச் சுருங்கிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வயிற்றுப்பாடு. ஆனால் காத்திருப்பதற்குச் சொந்த ஊர் தேவையில்லை. ஹாஸ்டல் அறையிலும் டீயை விடலாம். விட்ட காசைத் தனியாக எடுத்துவைக்கலாம். பனியன் கம்பெனி கேன்டீனிலும் வெள்ளிக்கிழமை கறியைத் தள்ளிவைக்கலாம். அப்படிச் செய்தவன் ஞாயிறு காலை வீட்டு வாசலில் கால் வைக்கும்போது, விருந்தாளியாக வராமல் பண்டிகைக்காரனாக வருவான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சனி இரவுப் பூசை முடிந்து வீடு வரும்போது மணி ஒன்று. நாலு மணிக்கு எழுந்து மசாலா அரைப்பது யார்? அம்மா. களி கிண்டுவது? அம்மா. வந்த சொந்தத்துக்கெல்லாம் பரிமாறி, கடைசியில் பாத்திரத்தின் அடியில் ஒட்டியதைச் சாப்பிடுவது? அம்மாவேதான். உயிர்ப்புப் பெருவிழா அன்று வீட்டில் ஒருவர் மட்டும் பாதி உயிராக அலைவதை யாரும் கவனிப்பதில்லை.

வியாழக்கிழமை ஆலயத்தில் காலைக் கழுவுவதைப் பார்த்து எல்லோரும் நெகிழ்ந்தோம் அல்லவா? அந்த நெகிழ்ச்சி மூன்று நாள் தாங்க வேண்டும். சனிக்கிழமை பகலிலேயே அப்பா வெங்காயம் உரிக்கட்டும். சருகு முட்டைச் சாயத்துக்கு ஆகும். மகன் மசாலா வறுக்கட்டும். களி கிண்டக் கைவலு வேண்டும் என்பதால் அந்தக் கட்டை கண்டிப்பாக ஆண்கள் கைக்குப் போகட்டும். ஞாயிறு முதல் பந்தியில் அம்மா உட்காரட்டும். பாத்திரத்தை வீட்டு ஆண்கள் கழுவட்டும். கால் கழுவலாம் என்றால் தட்டுக் கழுவுவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

கடைசியாக, தூக்குவாளியை எடுங்கள். முதல் கரண்டிக் குழம்பு பக்கத்து வீட்டுக்கு. அவர்கள் சைவம் என்றால், நாலு வாழைப்பழமும் சாயம் போடாத புன்னகையும். ரம்ஜானுக்கு வந்த நோன்புக் கஞ்சியும் பொங்கலுக்கு வந்த சர்க்கரைப் பொங்கலும் உங்கள் வீட்டுப் பாத்திரத்தில்தானே வந்தன? பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் கிடையாது.

ஈஸ்டர் வாழ்த்துகள்! அடுத்த வாரம் சந்திப்போம்.